மூன்று டன்

துத்தநாக ஆலையின் மீட்டர் சொல்கிறது:
நேற்றிரவு மணிக்கு நாற்பது டன் நீராவி போனது.
காகித ஆலையின் மீட்டர் சொல்கிறது:
வந்து சேர்ந்தது முப்பத்தேழு.
இரண்டும் பொய் பேசாத மீட்டர்கள்.
போன மாதம்தான் முத்திரை வைத்தார்கள்.

நடுவில் மூன்று கிலோமீட்டர் குழாய்.
கொரியாவின் கிழக்குக் கடலோரச் சாலையைத் தாண்டி,
சாய ஆலையின் பின்சுவரை உரசி,
கறுப்புப் பைன்களுக்கு அடியில் குனிந்து போகிறது.
குழாய்க்கு யார் பெயின்ட் அடிப்பது என்பது
ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பிரிவு.
குழாய்க்குக் குளிரெடுத்தால்
யார் பொறுப்பு என்பதற்குப் பிரிவு இல்லை.

பியோ கும்-ரான் இரண்டு ஆலைக்கும் பொதுவான ஒரே ஊழியர்.
கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள்,
நடக்கும்போது ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும்.
இரண்டு கேன்டீனிலும் அவளுக்குச் சோறு உண்டு.
இரண்டிலும், தட்டோடு அவள் வந்து உட்கார்ந்தால்
பேச்சு வானிலைக்கு மாறிவிடும்.

காலை எட்டு மணிக்குக் கூட்டம்.
"கேட்டைத் தாண்டியது விற்றதுதான்"
என்றார் மா யோங்-சிக்.
"வராத விருந்தாளி சாப்பிட்ட கணக்கை
என் தலையில் கட்டாதீர்கள்"
என்றார் தோ ஹியே-வோன்.
அழைக்காமலே வந்திருந்த சாய ஆலைக்காரர் தாக் சே-ஹுன்
"குளிர்காலத்தில் என் சுவர் இதமாகத்தான் இருக்கிறது,
பில் அனுப்பிவிடாதீர்கள்" என்றார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
பார்லி டீ ஆறிப்போனது,
அந்த வெப்பத்துக்கும் கணக்கு இல்லை.

நான்கு வருடம் முன்பு இந்தக் கேள்வியே கிடையாது.
நாற்பதும் நேராக வானத்துக்குப் போயின.
காகித ஆலை தன் பங்குக்கு எண்ணெய் எரித்தது;
மாடியில் துணி காயப்போட்டவர்கள்
காலரில் கரியோடு வேலைக்குப் போனார்கள்.
அன்று யாரும் மூன்றைத் தேடவில்லை.
பங்கு என்று வந்த பிறகுதான்
இழப்பு என்று ஒன்று வந்தது.

தமிழில் மிச்சத்துக்கு எச்சம் என்று பெயர்.
அதே சொல்தான் இலக்கணத்திலும்:
முடியாமல் நிற்கும் சொல்,
தன்னை முடித்துவைக்க இன்னொரு சொல்லைத் தேடும் சொல்.
"கொதித்த" என்று ஒரு புகைபோக்கி
இருபது வருடம் சொல்லிக்கொண்டே நின்றது.
கொதித்த எது, யாருக்கு
என்று கேட்க ஆள் இல்லாமல்.

மதியம் கும்-ரான் வெப்பக் கேமராவோடு நடந்தாள்.
தை மாதக் குளிர், முழங்கால் வரை பனி.
எழுபத்தொன்றாம் தூணின் அடியில்
முட்டை வடிவில் ஒரு துண்டு மண், பனியே இல்லாமல்.
அதில் யாரோ இரவுக் காவலாளி
வரிசையாக வெங்காயத்தாள் நட்டிருந்தார்.
மேலே வடிகால் வால்வு வாய் மூடாமல் முனகியது.
அதன் மூச்சில் ஐந்து பூனைகள்,
ஒன்றின் வயிற்றில் மற்றொன்றின் தலை.

படம் எடுத்தாள். எழுதினாள்:
எழுபத்தொன்றில் இழப்பு, மணிக்கு நானூறு கிலோ.
மீதி இரண்டாயிரத்து அறுநூறு
ஓரிடத்திலும் இல்லை.
தூணுக்குத் தூண், மூட்டுக்கு மூட்டு,
நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக
நீராகித் தணிந்துபோகிறது.
குற்றவாளி கிடைக்காத அறிக்கையை
இரண்டு மேலாளர்களுமே விரும்ப மாட்டார்கள்.
நானூறைத்தான் முதல் பக்கத்தில் போட்டாள்.

வால்வை மாற்றினார்கள்.
வெங்காயத்தாளைப் பிடுங்கிக்கொள்ளக் காவலாளிக்கு
ஒரு நாள் தவணை கொடுத்தாள்,
அறிக்கையில் அது இல்லை.
மறுநாள் இரவு முட்டை வடிவத்தின்மேல் பனி விழுந்தது.
காகித ஆலையின் மீட்டரில்
முப்பத்தேழு புள்ளி நான்கு.
மீதியைப் பாதிப்பாதியாக ஏற்றுக்கொள்வதென்று
கையெழுத்துப் போட்டார்கள், ஒரு வருடத்துக்கு மட்டும்.

வியாழக்கிழமை தாக் சே-ஹுன் போன் செய்தார்.
"என் பின்சுவரோரம் ஐந்து பூனைகள் வந்திருக்கின்றன.
இவை எந்த ஆலையின் பூனைகள்?"
கும்-ரான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
பத்தொன்பதாம் பிரிவை மறுபடி படித்தாள்.